டெல்டாவிலிருந்து வேலைக்காகச் சென்னை, பெங்களூர் போகிறவர்களுக்கு: வீடு, வாடகை, அட்வான்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் நேரத்தில் எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு அதிகமாகிவிடும். பிள்ளைக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, மகளுக்குச் சோழிங்கநல்லூரில் ஆஃபர் வந்திருக்கிறது, வீட்டுக்கு அட்வான்ஸ் மட்டும் அரை லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், என்ன செய்வது? தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கத்துக் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்தில் எடுக்கும் முதல் வீடு குடும்பத்தின் வீடு அல்ல, வேலை பிடிபடும் வரை தங்கும் இடம். அதற்காக ஊரில் இருப்பதை உடைக்கக் கூடாது.

சம்பளம் 32,000 என்கிறார்கள். இங்கே கும்பகோணத்தில் 18,000 வாங்குகிறேன். போகலாமா?

அந்த 32,000 கையில் வருவதா, காகிதத்தில் மட்டும் இருப்பதா என்று முதலில் கேளுங்கள். பி.எஃப்., காப்பீடு, வருடக் கடைசியில் தரும் போனஸ் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்ன தொகையாக இருந்தால், மாதாமாதம் கணக்கில் ஏறுவது குறைவாகத்தான் இருக்கும். 28,500 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக ஒரு சின்ன வீடு 10,000. தண்ணீர், கரண்ட், மெயின்டனன்ஸ் 1,500. வேலைக்குப் போய்வர 1,500. சாப்பாடு, கேஸ், மளிகை 8,000. மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்துபோனால் 1,500. ஆக 22,500 போய்விட்டது. மிச்சம் 6,000.

இப்போது கும்பகோணத்துக் கணக்கைப் பாருங்கள். சொந்த வீடு, வயல் அரிசி, ஒரு வண்டி. 18,000-இல் மாதம் 7,000 நிற்கிறது என்றால், சென்னையில் அவ்வளவு சம்பளம் வாங்கியும் கையில் நிற்பது அதைவிடக் குறைவு.

அதற்காகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே வேலைக்கு இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து வீடு எடுத்து, உங்கள் பங்கு வாடகை 4,000 ஆகிவிட்டால் மிச்சம் 12,000. வேலை அதேதான், ஊரும் அதேதான், வீடு மட்டும்தான் மாறியது. அதனால்தான் சம்பளத்தை ஒப்பிடாதீர்கள், வாடகை போக நிற்பதை ஒப்பிடுங்கள் என்கிறேன். வாடகை, தண்ணீர், கரண்ட் மூன்றும் சேர்ந்து கையில் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வீடு உங்களுக்கு இப்போதைக்குக் கட்டாது.

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. வீட்டுக்காகக் கம்பெனியிடம் ஏதாவது கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேலை கிடைத்ததே பெரிது என்று எதையும் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் தங்க கெஸ்ட் ஹவுஸ் உண்டா, ஊர் மாறி வருவதற்கென்று தொகை தருவார்களா, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி அட்வான்ஸுக்கு முன்பணம் தருவார்களா என்று மூன்றையும் ஒரே மெயிலில் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை, வேலை போய்விடாது. ஜாயினிங் போனஸ் தருகிறார்கள் என்றால் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

கம்பெனி பஸ் அல்லது கேப் எந்தெந்த வழியில் ஓடுகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்பதைப் பாதிக்கு மேல் அதுவே முடிவு செய்துவிடும்.

கையில் எவ்வளவு பணத்தோடு கிளம்ப வேண்டும்?

வாடகை 10,000 உள்ள வீட்டுக்கே கணக்குப் போடுவோம். ஐந்து மாத அட்வான்ஸ் கேட்டால் 50,000. முதல் மாத வாடகை 10,000. புரோக்கர் மூலம் போனால் கமிஷன் ஒரு மாத வாடகை, அது இன்னொரு 10,000. பாய், ஃபேன், அடுப்பு, பாத்திரம், சாமான் ஏற்றிவர வண்டி என்று 15,000. முதல் சம்பளம் வேலைக்குச் சேர்ந்த மாதம் முடிந்துதான் வரும், அதுவரை சாப்பிட வேண்டும். ஆக ஒரு லட்சம் இல்லாமல் தனி வீடு எடுக்க முடியாது. பங்கு வீடோ ஹாஸ்டலோ என்றால் அதில் கால் பங்கு போதும்.

அட்வான்ஸ் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. 'வேறு மாதிரி ஒப்பந்தம்' என்ற அந்த வாசல் வழியாகத்தான் ஐந்தும் ஆறும் பத்தும் வருகின்றன. இருந்தாலும் "சட்டத்தில் மூன்று மாதம்தானே சார் இருக்கிறது, நான்காகப் போட்டுக்கொள்ளலாமே" என்று கேட்டால் பல வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

இரண்டு மா நிலம் இருக்கிறது. அதை விற்றுவிட்டுக் கிளம்பலாம் என்கிறார் அப்பா.

தயவுசெய்து வேண்டாம். அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது திரும்பி வரும் பணம். திரும்பி வரும் பணத்துக்காக, திரும்பி வராத ஒன்றை விற்கக் கூடாது. இரண்டு மா என்பது ஏறக்குறைய 66 சென்ட். ஒரு போகம் விளைந்தாலும் வீட்டுக்கு வருடச் சாப்பாட்டு அரிசி அதில் வந்துவிடும். அப்பாவால் பயிர் வைக்க முடியாது என்றால் குத்தகைக்கு விட்டு நெல்லாக வாங்கிக்கொள்ளலாம். அரிசி மூட்டையும், சம்பா தாளில் தெளித்த உளுந்தும் பயறும், கொல்லைத் தேங்காயும் ஊரிலிருந்து வந்துகொண்டிருக்கும் வீட்டில் மளிகைச் செலவு எவ்வளவு குறையும் என்பது சென்னையில் குடித்தனம் நடத்துபவர்களுக்குத் தெரியும். நகரத்தில் பிறந்தவருக்குக் கிடைக்காத பலம் அது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. எங்கள் பக்கத்தில் பாதி நிலம் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் சேரும் அவசரத்தில் அதைக் கிளறினால் நிலம் குறைந்த விலைக்குப் போவதோடு உறவிலும் விரிசல் விழும். வீடு கோயில் மனையிலோ ஆதீனத்து மனையிலோ இருந்தால், அதை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். மனை உங்களுடையது அல்ல.

அப்படியானால் பணத்துக்கு என்ன வழி?

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன். அட்வான்ஸுக்கு மட்டும், அளவாக. மொத்தமாகக் கட்டி மீட்கும் வகை நகைக்கடனுக்கு ஒரு வருடம்தான் கெடு. அதனால் வாங்கிய மாதத்திலிருந்தே ஆர்.டி. ஒன்று போட்டு, பன்னிரண்டாம் மாதம் மீட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பயிருக்கென்று கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் நகைக்கடனை இதற்குத் திருப்பாதீர்கள். ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து, குறுவைக்கு உழவும் விதையும் தேவைப்படும்போது அப்பாவின் கையில் ஒன்றும் இருக்காது.

அம்மா பெயரில் குழுக்கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டுவதை நான் மனதார எதிர்க்கிறேன். மகனுக்குச் சம்பளம் மாதம் ஒரு முறை. குழுவுக்கோ வாரத் தவணை அல்லது இரண்டு வாரத் தவணை. ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனால், அல்லது வேலை சரிப்படாமல் மகன் திரும்பிவிட்டால், வசூலுக்கு வருபவர் நிற்பது ஊரில் அம்மாவின் வாசலில். உடன் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள் முன்னால் அவர் தலைகுனிந்து நிற்க வேண்டிவரும். அட்வான்ஸுக்குப் பணம் இல்லையென்றால் ஆறு மாதம் ஹாஸ்டலில் இருந்து சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது. மீட்டர் வட்டி, ரன் வட்டி போன்ற கந்துவட்டிப் பக்கமே போகாதீர்கள்.

'லீஸுக்கு வீடு, 6 லட்சம் கொடுத்தால் வாடகையே இல்லை' என்கிறார்கள். நல்லதுதானே?

எங்கள் ஊரில் நிலத்தைப் போக்கியத்துக்கு விடுவோமே, அதே ஏற்பாடுதான். நீங்கள் மொத்தமாகப் பணம் கொடுத்து வீட்டில் இருக்கிறீர்கள், காலி செய்யும்போது அதே பணம் திரும்பி வரும். கணக்கில் நன்றாகத்தான் தெரியும். 6 லட்சத்தை 7 விழுக்காட்டு வைப்பில் போட்டால் வருடம் 42,000, அதாவது மாதம் 3,500 கிடைக்கும். வாடகை 10,000 உள்ள வீட்டை அந்த 3,500-ஐ மட்டும் விட்டுக்கொடுத்து அனுபவிக்கலாம் போலிருக்கும்.

அப்படியானால் வீட்டுக்காரர் ஏன் தன் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார்? அவருக்கு மொத்தப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறது. எதற்கு என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். கடன் உங்களுக்கு முன்பே பதிவாகியிருந்தால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. உங்கள் 6 லட்சத்துக்கு நீங்கள் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும்.

ஆகவே பதிவுத்துறையின் இணையதளத்தில் 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "அது லாக்கரில் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடலாம். இந்த ஒப்பந்தத்தைப் பதியாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது பெரிய தொகைக்குப் பாதுகாப்பு அல்ல, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியச் சம்மதிக்காத வீட்டுக்காரரிடம் பணம் கொடுக்காதீர்கள். பதிந்தாலும்கூட, அடுத்த ஆள் வந்து பணம் கொடுத்தால்தான் உங்களுக்குத் திருப்பித் தருவேன் என்று மாதக்கணக்கில் இழுப்பது சாதாரணமாக நடப்பது. முதல் வருடத்தில், ஊர் பழகாத நிலையில், இது வேண்டவே வேண்டாம்.

சென்னையில் எந்தப் பக்கம் பார்க்கலாம்?

வேலை எங்கே என்பதைப் பொறுத்தது. ஆனால் டெல்டாக்காரர்களுக்குத் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை உள்ள ரயில் பாதைதான் தோது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தஞ்சாவூர், கும்பகோணம் பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. உழவன், மன்னை, சோழன் மூன்று ரயில்களும் தாம்பரத்தில் நிற்கும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று தெற்கே போகப் போக வாடகை இறங்கும். மின்சார ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்தால் பயணச் செலவு பெரிதாக இருக்காது. வேலை கிண்டியிலோ எழும்பூரிலோ இருந்தால் இது நன்றாகப் பொருந்தும். வேலை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் என்றால் பொருந்தாது. வாடகையில் மிச்சம் பிடித்ததை ஷேர் ஆட்டோவுக்கும் அலுப்புக்கும் கொடுக்க வேண்டிவரும். அங்கே வேலை என்றால் கேளம்பாக்கம், படூர் பக்கம் பாருங்கள், அல்லது மேடவாக்கம் பக்கம்.

வீடு பார்க்கப் போகும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். வாடகை அந்தத் தெருவில் மட்டும் குறைவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். வந்து நிற்கும் தண்ணீர் அல்லது வராத தண்ணீர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் 2015-இல் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. வாய்க்கால் எங்கே பாய்கிறது, வடிகால் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கண்ணோடு தெருவைப் பாருங்கள். தெரு சாலையைவிடத் தாழ்வாக இருக்கிறதா? மதில் சுவரில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா? இபி மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்களா? அப்படித் தூக்கியிருந்தால் ஏதோ ஒரு வருடம் தண்ணீர் அங்கே வரை வந்திருக்கிறது. புரோக்கரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பாட்டியிடமோ, முக்குக் கடைக்காரரிடமோ "வெள்ளத்தில் இங்கே எவ்வளவு உயரம் நின்றது?" என்று கேளுங்கள், கையை வைத்தே காட்டிவிடுவார்கள்.

அப்புறம் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். உப்பாக இருந்தால் குடிக்கக் கேன் தண்ணீர், துணி துவைக்கவும் சிரமம். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவார்களா, அதற்குத் தனியாகப் பிரிப்பார்களா என்று கேளுங்கள்.

மகளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை. தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஆனால் அதற்காக வேலையை விடச் சொல்ல வேண்டாம். தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் வேலை பார்க்கும் பெண்களுக்கென்றே நடக்கின்றன. கூடுவாஞ்சேரி, தாம்பரம் சானட்டோரியம், திருச்சி, ஓசூர் உள்பட பல ஊர்களில் இருக்கின்றன, தஞ்சாவூரிலும் உண்டு. தஞ்சாவூர் விடுதியை ஒரு நடை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே புரியும். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய குடியிருப்பை 2024 ஆகஸ்டில் சிப்காட் திறந்தது. மகளின் நிறுவனத்துக்கு அங்கே இடம் உண்டா என்று கேளுங்கள். தனியார் ஹாஸ்டல் என்றால் அம்மா ஒருவர் கூடவே போய், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டு வருவது நல்லது. பகலில் எல்லா ஹாஸ்டலும் நன்றாகத்தான் இருக்கும்.

மனைவி, பிள்ளைகளை உடனே கூட்டிப் போவதா?

வேலைக்குச் சேர்பவர் முதலில் தனியாகப் போகட்டும். குடும்பம் மே மாதக் கடைசியில் போகட்டும். நடுவருடத்தில் பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கினால் தனியார் பள்ளியில் இங்கே கட்டிய ஃபீஸும் போகும், அங்கேயும் புதிதாகக் கட்ட வேண்டிவரும். அரசுப் பள்ளி என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் பிள்ளைக்கு நடுவில் மாறுவது கஷ்டம்தான்.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. தனியாக இருக்கும் அந்த மாதங்களில் பங்கு வீட்டில் தங்கி மிச்சம் பிடிப்பதே குடும்ப வீட்டின் அட்வான்ஸாகிவிடும். வார விடுமுறைகளில் நிதானமாக வீடு பார்க்கலாம், ஐப்பசி கார்த்திகை மழையில் எந்தத் தெரு தாங்குகிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிடலாம். பிரிந்திருப்பது எளிது என்று சொல்ல மாட்டேன். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அது பெரிய பாரம், மனைவி ஊரில் தனியாக இருவர் வேலையையும் தூக்குகிறார். அதனால் எத்தனை மாதம் என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி, தேதியோடு முடிவு செய்துகொள்ளுங்கள். 'செட்டில் ஆனதும் பார்ப்போம்' என்று விட்டால் இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும்.

"நீங்க என்ன ஆளுங்க?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். என்ன சொல்வது?

இந்தக் கேள்வி இன்னமும் இருக்கிறது, ஊரிலும் இருக்கிறது, நகரத்திலும் இருக்கிறது. "சைவமா?" என்பதும் "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்பதும் பல நேரம் அதே கேள்விதான். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "வேலை இந்தக் கம்பெனியில், வாடகை மாதம் ஐந்தாம் தேதிக்குள் கணக்கில் போட்டுவிடுவேன், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம்" என்று தேவையானதைச் சொல்லுங்கள். அதற்கு மேலும் தோண்டுபவரின் வீட்டில் குடியிருந்தால் தினமும் சமையல் வாசனைக்கும் வந்துபோகும் உறவினர்களுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். மறுத்துவிட்டால் வலிக்கும், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. கம்பெனியில் உடன் வேலை செய்பவர்கள் காலி செய்யும் வீடுகளைக் கேட்டுப் பிடியுங்கள். அங்கே வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பது முன்பே தெரிந்திருக்கும், புரோக்கர் கமிஷனும் மிச்சம்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

அட்வான்ஸ் எந்த நாளில் திரும்பும், அதில் எதையெல்லாம் பிடிப்பார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 'பெயிண்டிங் சார்ஜ் ஒரு மாத வாடகை' என்ற வரி பல ஒப்பந்தங்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு வருடத்திலேயே காலி செய்ய வாய்ப்பிருந்தால் அதைப் பேசிக் குறையுங்கள். காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாத நோட்டீஸ், வருடத்துக்கு எவ்வளவு உயர்வு என்பவையும் இருக்கட்டும்.

கரண்டை மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், அதில் முதல் 100 யூனிட் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி இபி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வரும். வீட்டுக்காரரின் மீட்டரிலிருந்து சப்மீட்டர் போட்டிருந்தால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் வைப்பதுதான் ரேட். 500 ரூபாய் குறைந்த வாடகையை இதுவே விழுங்கிவிடும்.

நான் மேலே சொன்ன தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் அரசு இணையதளம் வழியாகப் பதிய வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். தகராறு என்று வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. 24 மணி நேரம் முன்பே சொல்லாமல் உள்ளே வந்து பார்க்கவும் கூடாது. அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். குடிபுகும் அன்றே சுவர், குழாய், கதவு, கழிப்பறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போது "இந்த விரிசல் நீங்கள் வந்த பிறகு வந்தது" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

ஆன்லைனில் பார்த்த வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் அனுப்பச் சொல்கிறார். ராணுவத்தில் இருக்கிறாராம், நேரில் வர முடியாதாம்.

அனுப்பாதீர்கள். இது நாடு முழுக்க நடக்கும் மோசடி. வீட்டுக்குள் கால் வைத்துப் பார்க்காமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது.

வாடகை ரசீது கொடுத்தால் வரி குறையுமா?

பழைய வரி முறையில் மட்டும். உங்களுக்கு வரும் வீட்டு வாடகைப்படி, வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தது, சென்னை என்றால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, இந்த மூன்றில் எது குறைவோ அதற்கு வரி இல்லை. அடிப்படை 20,000, வாடகைப்படி 8,000, வாடகை 10,000 என்றால் மாதம் 8,000 முழுக்க வரியிலிருந்து விலகும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் கேட்பார்கள்.

ஆனால் 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரருக்கு வருடம் 12,75,000 வரை வரியே இல்லை. முதல் வேலைக்குப் போகும் பெரும்பாலானோர் அதற்குள்தான் இருப்பார்கள். அவர்கள் ரசீதுக்காக வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அரசு வேலை. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு மாற்றல்.

மத்திய அரசு என்றால் வீட்டு வாடகைப்படி ஊருக்கு ஏற்ப மாறும். அடிப்படைச் சம்பளத்தில் சென்னைக்கு 30, திருச்சிக்கு 20, கும்பகோணம் போன்ற ஊர்களுக்கு 10 விழுக்காடு. மாநில அரசு ஊழியர்கள் வீட்டு வசதி வாரியத்தின் அரசு அலுவலர் வாடகைக் குடியிருப்புக்கு மாற்றல் ஆணை வந்த உடனே விண்ணப்பித்துவிடுங்கள். வரிசை நீளம்.

வாடகைக்குக் கொடுப்பதற்குத் தவணை கட்டி ஃபிளாட்டே வாங்கிவிடலாமே?

வேலையில் இரண்டு வருடமாவது நிலைத்த பிறகு யோசியுங்கள். 30 லட்சம் வரையிலான கடனில் வங்கி வீட்டு விலையில் 90 விழுக்காடு வரை தரலாம். ஆனாலும் மறுவிற்பனை ஃபிளாட் என்றால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 விழுக்காடு தனியாகக் கையிலிருந்து போகும், புது ஃபிளாட்டுக்கு இது குறையலாம். ஒரு வருடத்தில் வேலை பெங்களூருக்கு மாறினால் அந்தப் பணம் போனது போனதுதான்.

தகுதி இருந்தால் பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள். வருட வருமானம் 9 லட்சம் வரை உள்ள குடும்பம், 35 லட்சம் வரை விலையுள்ள வீட்டுக்கு, 25 லட்சம் வரை கடன் வாங்கினால் 1,80,000 வரை வட்டி மானியம் கிடைக்கும். நாட்டில் எங்கும் உங்கள் குடும்பத்தின் பெயரில் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். ஊரில் வீடு அப்பாவின் பெயரில் இருந்து, உங்களுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தால், அது உங்கள் கணக்கில் வராது. ஆகவே "எப்படியும் உனக்குத்தானே" என்று அப்பா இப்போதே வீட்டை உங்கள் பெயருக்கு எழுதி வைக்க அவசரப்பட்டால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பெங்களூர் எப்படி?

அட்வான்ஸ்தான் பெரிய சுவர். பத்து மாதம் கேட்பது அங்கே வெகுகாலமாக ஊறிப்போன வழக்கம், பேசினால் குறையும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அங்கே செல்லாது. முதல் ஆறு மாதம் பி.ஜி. என்கிற தனியார் விடுதியில் இருந்துவிடுங்கள், சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தொகை, அட்வான்ஸும் கொஞ்சம்தான். ஊருக்கு வர மைசூர் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக வருகிறது. தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் டிக்கெட்டை முன்பதிவு திறக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஆம்னி பஸ் கட்டணம் ஒரு மாத மிச்சத்தைத் தின்றுவிடும்.

திருச்சியில் குறைந்த சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைக்கிறது. சென்னை வேலையும் இருக்கிறது.

முதல் கேள்வியில் போட்ட கணக்கை இரண்டு ஊருக்கும் போடுங்கள். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வரலாம். திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் வேலை என்றால் இன்னும் பக்கம். வீட்டுச் செலவே இல்லாத 20,000 பல நேரம் சென்னையின் 30,000-ஐ விட அதிகம் நிற்கும். கணினி வேலை என்றால் தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024-இல் திறந்த டைடல் பூங்காவிலும் விசாரித்துப் பாருங்கள். ஆனால் உங்கள் தொழிலில் வளர்ச்சி சென்னையில்தான் என்றால் மிச்சம் குறைந்தாலும் இரண்டு வருடம் போய்வாருங்கள். அதைக் கற்றுக்கொள்ளும் செலவாக எடுத்துக்கொள்ளலாம்.

ரேஷன் கார்டு, கேஸ், ஆதார் எல்லாவற்றையும் உடனே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். தனியாகப் போகும்போது எதையும் தொடாதீர்கள். குடும்பத்தோடு போன பிறகும் ரேஷன் பொருளைத் தமிழ்நாட்டுக்குள் வேறு ஊர்க் கடையில் கைரேகை வைத்து வாங்கலாம், கார்டு ஊர் முகவரியிலேயே இருக்கட்டும். ஊரில் அம்மா அப்பா அதே கார்டில் இருந்தால் பெயர் நீக்குவதற்கு முன்பு அவர்களிடம் பேசிவிடுங்கள். கேஸுக்கு, முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டர் ஏஜென்சிகளில் கிடைக்கும். இரண்டு பேர் சமைக்க முதல் சில மாதங்களுக்கு அது போதும். ஆதார் முகவரியை இரண்டாவது வருட ஒப்பந்தம் போட்ட பிறகு மாற்றிக்கொள்ளலாம்.